ஏலக்காய் கடையில் ஏலக்காய் இல்லையாம்!

ஒரு சின்ன சோதனை. போனைக் கையில் எடுங்கள். ‘போடிநாயக்கனூரிலிருந்து நேரடியாக உங்கள் வீட்டுக்கு’ என்று விளம்பரம் செய்கிற ஆன்லைன் ஏலக்காய்க் கடை ஏதாவது ஒன்றுக்குள் போங்கள். மேலே பூதக்கண்ணாடி படம் போட்ட ஒரு பெட்டி இருக்கும். அதில் தமிழில் ‘ஏலக்காய்’ என்று அடியுங்கள். வந்ததா? சந்தோஷம். இப்போது அதையே ஆங்கில எழுத்தில், உங்கள் மளிகை லிஸ்ட்டில் எப்படி எழுதுவீர்களோ அப்படி அடியுங்கள். முன்னால் ‘ஒய்’ போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. ஒரு ‘கே’, அப்புறம் இரண்டு ‘கே’. கடைசியில் ‘ஐ’, அப்புறம் ‘ஒய்’.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காகவே செலவழித்தேன். (வீட்டில் கிடைத்த மரியாதையைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.) பல கடைகளில் வந்த பதில், ‘மன்னிக்கவும், நீங்கள் தேடிய பொருள் எதுவும் இல்லை.’ ஏலக்காயும் மிளகும் கிராம்பும் மட்டுமே விற்கிற கடையில் ஏலக்காய் இல்லையாம்! சரியான ஆங்கிலத்தில், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் ‘கார்டமம்’ என்று அடித்தால்தான் கதவு திறக்கிறது. கடைசி எழுத்து ‘எம்’ போய் ‘என்’ ஆகிவிட்டால் அதுவும் போச்சு.

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ‘ஏலம்’ என்று கேட்டாலும் கொடுப்பார், ‘ஏலக்கா’ என்று கேட்டாலும் கொடுப்பார், சேட்டு வீட்டுப் பாட்டி வந்து ‘இலாய்ச்சி’ என்றாலும் கொடுப்பார். சின்னப் பையன் வந்து, ‘அம்மா பாயசத்துக்குப் போடறது கேட்டாங்க’ என்றால்கூட, ‘முந்திரியா, திராட்சையா, ஏலக்காயா?’ என்று திருப்பிக் கேட்பாரே தவிர, ‘மன்னிக்கவும், அப்படி ஒரு பொருள் இல்லை’ என்று ஷட்டரை இறக்க மாட்டார்.

கம்ப்யூட்டர் தெரியாத ஊர் என்று போடியைச் சொல்லிவிடவும் முடியாது. நறுமணப் பொருள் வாரியம் சிறு ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் கொண்டுவந்தது 2007-ல். அதே வருஷம்தான் பெங்களூரில் ஃப்ளிப்கார்ட் பிறந்தது. ஆன்லைனில் பொருள் வாங்குவதையே நம்மில் பலர் கேள்விப்பட்டிராத காலத்தில், போடியில் வியாபாரிகள் ஏலக் கூடத்தில் திரையைப் பார்த்துப் பட்டனைத் தட்டி ஏலக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு எண், மூட்டைக் கணக்கு, எடை. கையில் மாதிரிக் காய். நிறத்தைப் பார்த்து, நசுக்கி முகர்ந்து, சில நொடிகளில் விலையை முடிவு செய்கிற ஆட்கள் இவர்கள்.

காயின் தரத்துக்கு இவர்களிடம் இருக்கிற பாஷையைப் பாருங்கள். ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்’ என்றால் அக்மார்க் கணக்கில் காயின் அளவு 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு லிட்டர் படியில் அளந்து போட்டால் 435 கிராமாவது நிற்க வேண்டும். அதற்குக் கீழே ‘போல்ட்’, 6 மில்லிமீட்டர், 415 கிராம். இந்த ‘லிட்டர் வெயிட்’ ஒன்றைச் சொன்னாலே காய் திரட்சியா, உள்ளே அரிசி நிறைந்திருக்கிறதா, பொக்கா என்று போடிக்காரருக்குப் புரிந்துவிடும். இவ்வளவு நுணுக்கமாகச் சரக்கை வர்ணிக்கத் தெரிந்த ஊர், சில்லறைக்கு ஒரு வெப்சைட் போட்டதும் ஏன் ஊமையாகிவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

போடியில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இருக்கிறார். பேர் வேண்டாம். அப்பா காலத்திலிருந்து கோடவுன், காய் பொறுக்குகிற பெண்கள், வடநாட்டு வாடிக்கை என்று நடக்கிற குடும்பம். மகன் சொல்லி ஆன்லைன் கடை திறந்தார். எட்டு மாசத்துக்கு அப்புறம் எனக்குப் போன். “தம்பி, கூகுள்ல எங்க கடை பேரைப் போட்டாக்கூட எங்க கடை வர மாட்டேங்குது. முதல் இடத்துல கொண்டுவந்து நிறுத்துறேன்னு ஒருத்தர் மாசாமாசம் பணம் வாங்கிட்டுப் போறாரு. என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

நான் பி.காம். கம்ப்யூட்டர் டாக்டர் இல்லை. ஆனாலும் காய்ச்சலா, கால் சுளுக்கா என்று பார்க்கிற அளவுக்கு விஷயம் தெரியும். ஆன்லைன் கடைக்கு வருகிற வியாதி இரண்டு வகை. கடை இருக்கிறதே கூகுளுக்குத் தெரியாதது ஒன்று. தன்னிடம் என்ன சரக்கு இருக்கிறது என்பது கடைக்கே தெரியாதது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு. முதலாவதற்கு மருந்து என்று சொல்லிப் பணத்தைக் கறந்துவிட்டு, இரண்டாவதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போவதுதான் இந்தத் துறையில் வழக்கமாக இருக்கிறது.

முதல் வியாதிக்குப் பரிசோதனை ரொம்பச் சுலபம். கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கடையின் முகவரியைப் போட வேண்டும். அந்தக் கடையிலிருந்து கூகுள் தன் புத்தகத்தில் ஏற்றி வைத்திருக்கிற பக்கங்கள் வரும். துல்லியமான கணக்கு கிடையாது, ஆனால் உயிர் இருக்கிறதா இல்லையா என்று நாடி பார்க்க அது போதும். நண்பரின் கடைக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

காரணம், ஒரு டிக். வேர்ட்பிரஸ்ஸில் தளம் கட்டுகிறவர்கள், வேலை நடக்கும்போது வெளியாள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்பதற்காக ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பதிவு செய்ய வேண்டாம்’ என்று ஒரு கட்டத்தில் டிக் போடலாம். போட்டிருக்கிறார்கள். கடை திறந்த அன்றைக்கு எடுக்க மறந்துவிட்டார்கள். வாசலில் வாழைமரம் கட்டி, ரிப்பன் வெட்டி, ‘இங்கே யாரும் வரக் கூடாது’ போர்டை மட்டும் கழற்றாமல் விட்ட கதை. எட்டு மாசம்! அந்த எட்டு மாசமும் ‘முதல் இடம்’ ஆசாமிக்கு மாசச் சம்பளம் தவறாமல் போயிருக்கிறது.

அவர் என்னதான் செய்தார் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘கீவேர்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல், ஒவ்வொரு பக்கத்தின் தலைக்குள்ளும் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் செருகப்பட்டிருந்தது. இந்தப் பட்டியலை வரிசைப்படுத்துவதற்குத் தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்தது 2009 செப்டம்பரில். அதே கூகுள், ‘முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது’ என்றும் எழுதி வைத்திருக்கிறது. உத்தரவாதம் தருகிறவரைப் பார்த்தால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பதை உங்கள் பர்ஸே சொல்லும்.

டிக்கை எடுத்தார்கள். சில வாரங்களில் பக்கங்கள் கூகுளில் வர ஆரம்பித்தன. ஆசாமி உடனே ஒரு கிராஃபோடு வந்துவிட்டார். “பாருங்க சார், ஆட்கள் எப்படி ஏறியிருக்காங்க!” ஏறித்தான் இருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று பார்த்தால், ‘இன்றைய ஏலக்காய் விலை’. அவர் அப்படி ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் யாராக இருக்கும்? வாங்குகிற ஆட்கள் இல்லை. மேலே தோட்டம் வைத்திருக்கிற விவசாயிகள், பக்கத்துக் கோடவுன்காரர்கள், கமிஷன் ஆட்கள். வாரியமே தினசரி ஏல விலையை, உச்சம் இவ்வளவு, சராசரி இவ்வளவு என்று வெளியிடுகிறது. 2019 ஆகஸ்டில் இடுக்கி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது ஊரே விலையைத்தான் தேடியது. தேடியவர்களில் எத்தனை பேர் நூறு கிராம் பாக்கெட் வாங்கியிருப்பார்கள்? கடைக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பது வரவுக் கணக்கில் சேராது சார். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இனி இரண்டாவது வியாதி. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் இங்கே கூகுளைக் குறை சொல்ல முடியாது.

‘ஏலக்காய்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுத நம்மிடம் சட்டம் கிடையாது. ஊர்ப் பேருக்கே கிடையாது. போடிநாயக்கனூரை ஒரு ‘கே’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘கே’ போட்டும் எழுதுகிறார்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை போட்டு, கிளம்பிய சலசலப்பில் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கும். அரசாங்கமே தடுமாறுகிற விஷயத்தில், மளிகை வாங்க வருகிற ஒரு அம்மா சரியாக எழுத வேண்டும் என்று கடை எதிர்பார்ப்பது அநியாயம்.

இது தீர்க்க முடியாத சிக்கலும் இல்லை. காதில் ஒரே மாதிரி விழுகிற பெயர்களை ஒன்றாகச் சேர்க்க ‘சவுண்டெக்ஸ்’ என்ற முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கியது 1918-ல். கம்ப்யூட்டரே இல்லாத காலம். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்யெழுத்துகளை எண்ணாக மாற்றுகிற வித்தை. காகிதமும் பேனாவும் எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். ஒரு கே, இரண்டு கே, கடைசியில் ஐ, கடைசியில் ஒய், எப்படி எழுதினாலும் ஏலக்காய்க்கு ‘இ420’. ஆச்சரியம், இந்திக்கார ‘இலாய்ச்சி’யை ‘இ’-யில் ஆரம்பித்து எழுதினாலும் அதே ‘இ420’! முன்னால் ‘ஒய்’ போட்டு எழுதினால் மட்டும் ‘ஒய்420’ ஆகி வரிசையை விட்டு வெளியே போய்விடுகிறது. நூறு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரமே முக்கால் வேலையை முடித்துவிடுகிறது.

அந்த ‘ஒய்’க்கும் வழி இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ணுகிற கணக்கை ரஷ்யாவின் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் எழுதினார். ஒய் போட்டதற்கும் போடாததற்கும் தூரம் வெறும் ஒன்று. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. கர்நாடகத்தில் ஏலக்காய்க்கு ‘ஏலக்கி’ என்று பேர், அதே பேரில் ஒரு வாழைப்பழமும் இருக்கிறது. ஏலக்காயும் ஏலக்கியும் ஒரு எழுத்துத் தூரம்தான். பழமும் விற்கிற கடையாக இருந்தால் பாயசத்துக்குக் கேட்டவருக்கு வாழைத்தார் வந்து நிற்கும்.

தமிழில் அடித்தால் வருகிற கூத்து தனி. ‘ஏலம்’ என்றால் காய், ‘ஏலம்’ என்றால் மூன்று தரம் கூவி விற்பது. இரண்டாவது போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போன சொல். போடியில் ஏலம் ஏலத்துக்குப் போகிறது! நமக்குச் சிரிப்பு, கம்ப்யூட்டருக்குத் தலைவலி. ‘போடி’ என்று மட்டும் தேடினாலோ ஊரும் அதுதான், மனைவியிடம் சொன்னால் சாப்பாடு கிடைக்காத சொல்லும் அதுதான், 2012-ல் வந்த ‘போடா போடி’ படத்தில் பாதியும் அதுதான்.

இன்னொரு வில்லங்கம் கண்ணுக்கே தெரியாது. ‘போ’ என்ற எழுத்தில் ‘ப’வுக்கு முன்னால் இரட்டைச் சுழியும் பின்னால் காலும் இருக்கின்றன அல்லவா? யூனிகோடில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனியாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய சரக்குப் பட்டியலில் ‘போடி ஏலக்காய்’ இரண்டு குறியாக உட்கார்ந்திருக்கும். உங்கள் போன் ஒரு குறியாக அனுப்பும். கம்ப்யூட்டர் இரண்டையும் பார்த்து ‘வேற வேற ஆளு’ என்று சொல்லிவிடும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே விதி இருக்கிறது. நிரல் எழுதுகிறவருக்கு ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை யாராவது கேட்டால்தானே எழுதுவார்? தமிழில் தேடிப் பார்த்து யாரும் சோதிக்காததால், கேட்கவும் யாரும் இல்லை. பெரிய கடைகளே மெதுவாகத்தான் தமிழுக்கு வந்தன. ஃப்ளிப்கார்ட் தமிழில் வந்தது 2020 ஜூனில், அமேசான் அதே வருஷம் செப்டம்பரில். போடிக் கடைகளுக்கு அந்தச் சாக்குகூட இல்லை, தமிழ் அவர்கள் கல்லாவில் பேசுகிற பாஷை.

எழுத்துப்பிழையைக்கூட மன்னித்துவிடலாம். சரக்குக்கு வைத்திருக்கிற பேரைப் பாருங்கள். ‘எட்டு எம்.எம். போல்ட் பிரீமியம்’. வியாபாரி வியாபாரிக்குச் சொல்கிற பாஷை இது. வாங்குகிறவருக்கு எட்டு எம்.எம். என்றால் ஸ்குரூதான் ஞாபகம் வரும். அதற்குக் கீழே வர்ணனை என்று பார்த்தால், எல்லாக் கடையிலும் ‘நறுமணப் பொருட்களின் ராணி’ என்று ஆரம்பிக்கிற அதே பத்தி, அச்சு மாறாமல். யார் முதலில் எழுதினார்களோ, புண்ணியவான். ஒரே பத்தி பத்து இடத்தில் இருந்தால் கூகுள் பத்தையும் காட்டாது, ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளும். மற்ற ஒன்பது கடைக்காரர்களும் ‘நாம ஏன் வரலை’ என்று ஆசாமிக்குச் சம்பளம் கொடுப்பார்கள்.

சொல்வதற்கு விஷயமா இல்லை? போடிமெட்டு மலைப்பாதையில் விடிகாலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மேலே போகிறார்களே, அந்தச் செடியடி நிழலில் குனிந்து காய் பறிக்கிறவர்கள், பழுத்துவிடாமல் சரியான பருவத்தில் எடுப்பது எப்படி என்று சொல்லுவார்கள். பச்சை நிறம் போகாமல் ஸ்டோரில் காய வைப்பது ஒரு தனி வித்தை. பாயசத்துக்கு எந்தக் காய் போதும், டீக்கு வெடித்த காயே ஏன் லாபம், பத்து கிராமில் ஏறக்குறைய எத்தனை காய் நிற்கும், எவர்சில்வர் டப்பாவில் வைக்கலாமா என்பதெல்லாம் கோடவுனில் இருக்கிற பெண்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வாங்குகிறவர் தேடுவதும் அதைத்தான். அதில் ஒரு வரிகூட வெப்சைட்டில் கிடையாது, ராணி மட்டும் கொலுவிருக்கிறாள்.

கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். விற்றது பதிவாகும். திரும்பி வந்த சரக்கு பதிவாகும். வாராக் கடனுக்கும் ஒரு பக்கம் உண்டு. கேட்டு வந்து, கிடைக்காமல் திரும்பிப் போன ஆளுக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் இடம் கிடையாது. மளிகைக் கடையில் அந்தக் கணக்கு அண்ணாச்சியின் காதில் இருந்தது. ‘மூணு பேர் சுக்கு கேட்டுட்டுப் போனாங்க, அடுத்த லோடுல போட்ரு’ என்பார். ஆன்லைன் கடையில் அந்தக் காது தேடல் பெட்டிதான். யார் எந்தச் சொல்லை அடித்தார்கள் என்பதைத் தேதி வாரியாக எழுதி வைக்க வசதி இருக்கிறது. கூகுளின் இலவசக் கணக்குக் கருவியை மாட்டினால்கூட அந்தச் சொற்கள் கிடைக்கும். விளம்பரத்துக்குக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள நினைப்பதை வாடிக்கையாளரே வந்து இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தத் தாளை எடுத்துப் படிக்கிற முதலாளியை நான் பார்த்ததில்லை.

நண்பரைப் படிக்க வைத்தேன். மகன் பிரிண்ட் எடுத்துவந்தான். முதல் பக்கம் பூராவும் ஏலக்காயின் அவதாரங்கள். தமிழில், ஆங்கில எழுத்தில், தெலுங்குக்காரர்களின் ‘யாலகுலு’, மலையாளத்து ‘ஏலய்க்கா’. எல்லாவற்றுக்கும் பதில் ‘இல்லை’. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இம்புட்டுப் பேரையும் நாமளா தம்பி திருப்பி அனுப்பிச்சோம்?”

பையன் அன்றைக்கே உட்கார்ந்து, இந்தச் சொல் வந்தால் இந்தச் சரக்கைக் காட்டு என்று ஒரு மாற்றுச்சொல் பட்டியல் போட்டான். ஒரு மத்தியான வேலை. எட்டு மாசச் சம்பளத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாவது பக்கத்தில் ‘மாலை’ என்று வந்திருந்தது, அதுவும் பிப்ரவரி, மார்ச்சில் மட்டும். பையன் பூ மாலை என்று நினைத்துவிட்டான். நண்பரின் சம்சாரம்தான் கண்டுபிடித்தார். பரீட்சை நேரத்தில் ஹயக்ரீவருக்குச் சாத்துகிற ஏலக்காய் மாலை! கோக்கிறவருக்குக் காய் பெரிசாக, ஒரே அளவாக, பச்சையாக, காம்போடு வேண்டும். அவர்கள் சலித்து எடுக்கிற எட்டு எம்.எம். அதற்கென்றே பிறந்த சரக்கு. ‘மாலைக்கு ஏற்ற காய்’ என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் போதும். கோவில் பக்கம் போகிற யாருக்கும் தெரிகிற விஷயம், கீவேர்ட் பட்டியல் போட்ட ஆசாமிக்குத் தெரியவில்லை.

அதற்கும் கீழே, ‘ஏலக்காய் தோல்’. டீத்தூளில் போட்டு வைக்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவை இல்லை, வரிசையாக. நண்பர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, கோடவுன் மூலையில் கட்டிப் போட்டிருந்த சாக்குகளைத் திரும்பிப் பார்த்தார்.

“தோலையுமா தம்பி வாங்குவாங்க?”